மென்பொருள் செய்யும் முறையை எப்படி எழுதி வைப்பது?

வாடிக்கையாளர் ஒரு தேவையை மாற்றிவிட்டார். நிரலின் ஒரே ஒரு பகுதியைத் திருத்த வேண்டும். டிசைனை மாற்றி, ரிவ்யூவுக்கு வைத்து, நிரலையும் டெஸ்ட் பிளானையும் புதுப்பித்து, சோதித்து முடிக்க வேண்டும். இந்த வேலை நடக்கும் விதத்தை உங்கள் குறியீட்டு முறையில் எழுதிக் காட்டுங்கள். 1990-ல் மென்பொருள் ஆய்வாளர் மார்க் கெல்னரும் சகாக்களும் மற்ற ஆய்வாளர்கள் முன் வைத்த பொதுக் கணக்கு ஏறக்குறைய இதுதான். ஆளுக்கொரு குறியீட்டைக் கண்டுபிடித்து அதுவே உசத்தி என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. எல்லோரும் ஒரே கணக்கைப் போட்டால்தானே ஒப்பிட முடியும்?

பார்க்கச் சுலபமான கணக்குதான். ஆனால் ரிவ்யூவில் டிசைன் தேறாவிட்டால் என்ன செய்வது? ஒப்புதல் வருமுன் கோடிங்கைத் தொடங்கலாமா? தொடங்கியபின் டிசைன் மறுபடி மாறினால் அந்தக் கோட் என்ன ஆகும்? குறியீடுகளின் சாயம் வெளுப்பது இங்கேதான்.

1992-ல் பில் கர்ட்டிஸ், கெல்னர், ஜிம் ஓவர் மூவரும் ஒரு கட்டுரையில், செயல்முறையை நான்கு கோணங்களில் பார்க்கலாம் என்றார்கள்: என்ன வேலை நடக்கிறது, எப்போது எந்த நிபந்தனையில் நடக்கிறது, யார் எங்கே செய்கிறார்கள், என்னென்ன தகவல்களும் ஆவணங்களும் கைமாறுகின்றன. எந்தக் குறியீட்டையும் உரசிப் பார்க்க இந்த நான்கு கேள்விகள் போதும்.

அமெரிக்க விமானப்படைத் திட்டமொன்றில் பிறந்த ஐடெஃப்-0 முறையை எடுத்துக்கொள்வோம். 'டிசைன் ரிவ்யூ' என்று ஒரு கட்டம். இடப்பக்கம் நுழைவது திருத்திய டிசைன். மேலிருந்து இறங்குவது ரிவ்யூ விதிகள். கீழிருந்து வருவது ரிவ்யூ குழு. வலப்பக்கம் வெளியேறுவது ஒப்புதல் அல்லது குறைப்பட்டியல். ஒரு கட்டத்துக்குள் எவ்வளவு செய்தி! ஆனால் எது முதலில், எது பிறகு என்று அந்த அம்புகள் சொல்வதில்லை. வாசிப்பவரோ இடமிருந்து வலமாக வரிசை என்று எடுத்துக்கொள்வார். சொல்லாததைச் சொன்னதாக நினைக்க வைக்கும் படம், படமே இல்லாததைவிட ஆபத்து.

பெட்ரி வலை என்ற கணிதக் குறியீடு இதற்கு நேர்மாறு. இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடப்பதையும், ஒன்றுக்காக மற்றொன்று காத்திருந்து முட்டி நிற்பதையும் கணித ரீதியாகச் சோதிக்கலாம். ஆனால் அதை மேனேஜரிடம் காட்டிப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும். வணிகச் செயல்முறைகளை வரையும் பிபிஎம்என் குறியீட்டின் படத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப் பாதை உண்டு என்பதால் 'யார்' என்பது பளிச்சென்று தெரியும். ஆனால் 2011-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பின் விதிநூல் 500 பக்கங்களைத் தாண்டுகிறது. முந்தைய பதிப்பில் வரைந்த படங்களை மைக்கேல் ஸுர் மியூலென், யான் ரெக்கர் இருவரும் 2008-ல் ஆராய்ந்தபோது, அதன் குறிகளில் சிறு பகுதியே பெரும்பாலும் புழங்குவது தெரிந்தது.

நிரல் மொழியிலேயே செயல்முறையை எழுதிவிடலாமே என்றார் லியான் ஆஸ்டர்வைல், 1987-ல் ஒரு மாநாட்டில். அதே மாநாட்டில் மேனி லேமன் இதை ஏற்கவில்லை. முன்கூட்டியே வழி தெரியாத சிந்தனை வேலையை நிரலாக எழுதுவது எப்படி என்பது அவர் வாதம். இருவருக்கும் பாதிப் பாதி வெற்றி என்பேன். பில்ட், டெஸ்ட், டிப்ளாய் எல்லாம் இன்று யாமல் (YAML) என்ற வடிவிலான கோப்புகளில் எழுதப்பட்டு இயந்திரத்தால் ஓட்டப்படுகின்றன. நல்ல டிசைன் எது என்று தீர்மானிக்கும் கோப்பை இன்னும் யாரும் எழுதவில்லை.

ஆகவே இயந்திரம் ஓட்ட வேண்டிய பகுதிக்குக் கறாரான குறியீடு வேண்டும். மனிதர் படிக்க வேண்டியதற்கு ஐபிஎம் 1980-களில் கொண்டுவந்த இடிவிஎக்ஸ் முறையே போதும் என்பது என் கட்சி: எப்போது தொடங்கலாம், என்ன செய்யணும், எப்படிச் சரிபார்ப்பது, எப்போது முடிந்ததாகக் கொள்வது என நான்கு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை. அதையும் கையெழுத்து வாங்குமுன், அந்த வேலையைச் செய்யப்போகிறவரிடம் கொடுத்து, ரிவ்யூவில் தேறாவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதில் அட்டவணையில் இல்லையென்றால் முதலில் அதை எழுதுங்கள்.