மலை மேய்ச்சலும் காட்டு ஜீவன்களும்

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்துக் குடியானவர்களுக்கு ஆட்டுக்கிடையின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அறுவடையான நிலத்தில் கிடை மடக்கினால் அடுத்த போகத்துக்கு எரு கிடைக்கிறது. ஆனால் கோடையில் கரம்பு காய்ந்ததும் மந்தைகள் காட்டை நாடுகின்றன. அங்கே வழக்குப் பிறக்கிறது. ஹிமாலயத்தில் இத்தகைய வழக்கு ஒன்று எவ்வாறு முடிந்தது என்பதைச் சங்க அங்கத்தினர்கள் அறிதல் நலம்.

ஹிமாசலப் பிரதேசம், குல்லு ஜில்லாவின் தீர்த்தன், ஸைஞ்ஜ் பள்ளத்தாக்குகளில் வாழும் கிராமத்தார் வெள்ளாடு, செம்மறி மந்தைகளைக் கோடையில் பனி உருகிய உயர்ந்த புல்வெளிகளுக்கு ஓட்டிச் சென்று, குளிருக்கு முன் கீழே இறக்கி வந்தனர். நம் வரையாட்டை ஒத்த ஹிமாலயத் தாரும், பரல் என்னும் நீல ஆடும் அப்புல்லையே நம்பியுள்ளன. மந்தை மிகுந்தால் அவற்றுக்குத் தீனி குறையும். மந்தையின் நோயும் தொற்றும். காவல் நாய்களால் தரையில் முட்டையிடும் பறவைகளுக்கும் கேடு விளையும்.

ஆகவே அங்கே தேசீயப் பூங்கா அமைக்க 1984இல் முதல் அறிவிப்பும் 1999இல் முடிவான அறிவிப்பும் வெளியாயின; மேய்ச்சல் நிறுத்தப்பட்டது. நஷ்டஈட்டுக்கு ஆதாரமாகக் கொள்ளப்பட்டது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட உரிமைப் பதிவேடாகும். முன்னோர் பெயர் பதிவானவர்கள் தொகை பெற்றனர். பதிவில்லாதோருக்கு அது கிட்டவில்லை. பெற்றவர்க்கும் அது ஒருமுறை வரும் ரொக்கமேயன்றி ஆண்டுதோறும் முளைக்கும் புல்லன்று.

பூங்காவை அடுத்த கிராமங்களின் ஏழைப் பெண்கள் சேமிப்புக் குழுக்கள் அமைத்து, சிறுகச் சேர்த்த பணத்தைத் தமக்குள் கடனாகக் கொடுத்து வாங்கினர். மண்புழு உரம் தயாரித்து விற்றனர். நமது நாணய சங்கங்களின் முறையும் இதுவேயன்றோ?

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நாடோடி மேய்ப்பரின் பருவகால மேய்ச்சலையும் உரிமையாகக் கூறுகிறது. பழங்குடியினர் அல்லாதார் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டை நம்பி அங்கு வாழ்ந்தமையை நிரூபிக்க வேண்டும். 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுத் தேசீயப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்களில் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தது.

எனவே அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை:

1. ஆட்டுக்கொல்லி நோய்க்குக் காலத்தில் தடுப்பூசி போடுவித்தல். இதனால் மந்தையோடு காட்டு ஜீவன்களுக்கும் காப்பு உண்டாம்.

2. வரப்புகளில் அகத்தி, சூபாபுல் முதலிய தழை மரங்களை வளர்த்து, கோடைத் தீவனத்தை ஊரிலேயே பெருக்குதல்.

3. மேய்ச்சல் உரிமை கோருவோர் முதியோரின் வாக்குமூலத்தை எழுத்தில் பதிவு செய்து, கிராம சபையில் மனுக் கொடுத்தல்.

மூன்றாவதைத் தாமதிக்கலாகாது. முதியோர் மறைந்தபின் சாட்சியம் கிட்டுவது அரிது.