மேலேரியிலிருந்து தொடங்க வேண்டிய வேலை

தென் அமெரிக்காவில் தோன்றிய ஆகாயத்தாமரை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்கு வந்து, 1920களுக்குள் ஆறுகளையும் ஓடைகளையும் அடைத்துவிட்டது. படகுகள் நின்றன, வெள்ளத்தில் மிதந்து வந்த செடிகள் நெற்பயிரை அமுக்கின. 1936இல் சட்டம் வந்தது: இதை வளர்க்கக் கூடாது, தன் இடத்தில் இருப்பதை அகற்ற வேண்டும். ஆனால் ஒருவர் குளத்தைச் சுத்தம் செய்தாலும் அடுத்த மழையில் பக்கத்துக் குளத்துச் செடி அங்கே வந்து சேரும் என்றால், யார்தான் முதலில் இறங்குவார்? 1937 தேர்தலில் முக்கியக் கட்சிகள் எல்லாமே இதை ஒழிப்பதாக வாக்குறுதி தந்தன. ஒரு களைக்கு இவ்வளவு அரசியல் மரியாதை அபூர்வம்! ஆட்சிக்கு வந்த ஃபஸ்லுல் ஹக் மக்களைத் திரட்டிப் பெரிய ஒழிப்பு இயக்கமே நடத்தினார். 1947 வாக்கில் தொல்லை பெருமளவு அடங்கியது.

வங்காளத்தில் தேவைப்பட்ட ஒற்றுமை இங்கே தமிழ்நாட்டு ஏரிகளிலும் தேவைப்படுவதற்குக் காரணம் செடியின் இயல்பு. சத்து மிகுந்த நீரில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். ஏரியில் பதினாறில் ஒரு பங்கை விட்டுவைத்தால் போதும், இரண்டே மாதத்தில் பழையபடி மூடிக்கொள்ளும். விதையோ சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். தமிழ்நாட்டு ஏரிகளில் பல தொடராக அமைந்தவை. மேலேரியின் கலங்கலில் வழியும் நீர்தான் கீழேரிக்கு வரத்து. செடியும் அதே வழியில் இறங்குகிறது. ஆகவே தன் ஊர் ஏரியை மட்டும் தூர்வாரும் குடிமராமத்து இதற்குப் போதாது. ஒரே தொடரில் உள்ள ஊர்கள் எல்லாம் கோடையில் நீர் குறைந்திருக்கும்போது, மேலிருந்து கீழாக, ஒரே பருவத்தில் அகற்ற வேண்டும். முதல் மழைக்குப் பின் முளைப்பதைப் பிடுங்க ஒவ்வோர் ஊரிலும் நான்கு பேர் பொறுப்பேற்க வேண்டும்.

பொக்லைன் இருக்கும்போது ஆள் எதற்கு என்பார்கள். இயந்திரம் தேவைதான், ஆனால் ஒப்பந்தம் முடிந்ததும் அது போய்விடும், கரையோரப் புதரில் தங்கிய செடி போகாது. மூக்குவண்டை விட்டால் அதுவே செடியைத் தின்றுவிடும் என்பது இன்னொரு வாதம். விக்டோரியா ஏரியில் 1990களின் பிற்பகுதியில் அந்த வண்டு நல்ல பலன் தந்தது உண்மை. அங்கும் கரையோர மீனவர்கள் வண்டு வளர்த்து விட்டார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அப்படியும் சில ஆண்டுகளில் செடி திரும்பியது, ஏரிக்குள் சத்து சேர்வது நிற்காததால். கூடை முடைந்து விற்கலாம் என்ற யோசனை கைச்செலவுக்கு உதவும். செடி வளரும் வேகத்துக்கு ஈடாகாது.

வலுவான ஆட்சேபம் வேறு: செடிக்குச் சத்தாகும் சாக்கடையை நகரம் ஏரிக்குள் விட, கிராமத்தான் ஏன் கூலியில்லாமல் களை பறிக்க வேண்டும்? நியாயமான கேள்வி. அகற்றுபவருக்குக் கூலி தர வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விடும் உள்ளாட்சி அமைப்பு பதில் சொல்ல வேண்டும். ஆனால் அதைக் கேட்கவும் தனி ஊரின் குரல் எடுபடாது, தொடர் முழுவதும் சேர்ந்து கேட்டால்தான் எடுபடும். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராமசபை கூடுகிறது. கோடை வேலைக்குச் சரியான நேரம். உங்கள் ஏரிக்கு நீர் தரும் மேலூரிலும், உங்கள் கலங்கல் நீரை வாங்கும் கீழூரிலும் அதே நாளில் அதே தீர்மானம் நிறைவேற இப்போதே பேசி வையுங்கள்.