அந்தி வானத்துப் பிரயாணிகள்

பனியன் கம்பெனிகளின் ஜன்னல்கள் இரவெல்லாம் வெளிச்சத்தைச் சொரிய, கொதிகலன்களின் புகையும் சரக்கு லாரிகள் கிளப்பும் புழுதியும் அந்த வெளிச்சத்தைத் தாங்கி ஊருக்கு மேலே வெளிறிப் பரவி நிற்கும் திருப்பூரில், நடு நகரத்து மாடியிலிருந்து பால்வீதியைக் காண்பதற்கு இனி வழியில்லை என்பது வருத்தத்துக்குரிய உண்மையே; ஆனால், மனிதன் தன் கையால் செய்து ஆகாயத்தில் ஏற்றிய கலங்களில் மிகப் பெரியதைக் காண்பதற்கு அந்த வெளிச்சம் ஒரு தடையே அல்ல என்பதை நம்மவர் பெரும்பாலோர் அறியாதிருப்பது அதைவிட வருத்தத்துக்குரியது.

சர்வதேச விண்வெளி நிலையத்தைத்தான் சொல்கிறேன். 1998-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் தேதி அதன் முதல் பகுதி ஏவப்பட்டது. 2000 நவம்பர் 2 முதல் இன்றுவரை மனிதர் இல்லாமல் அது ஒரு நாளும் இருந்ததில்லை. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், பூமியை 93 நிமிஷங்களுக்கு ஒரு முறை சுற்றி வரும் அந்தக் கலம், 109 மீட்டர் நீளத்துக்கு விரிந்த தன் சட்டகத்தாலும் சூரியத் தகடுகளாலும் சூரிய கிரணங்களைப் பிரதிபலிக்கும்போது, வானத்திலுள்ள நக்ஷத்திரங்கள் அனைத்தையும் பின்தள்ளி, சுக்கிரனோடு போட்டியிடும் அளவுக்குப் பிரகாசிக்கும். அவிநாசி ரோட்டின் விளக்கு வரிசைகளுக்கு நடுவே நின்றாலும், எந்த யந்திர சாதனமும் இல்லாமல் வெறுங்கண்ணால் அதைப் பார்த்துவிடலாம்.

பார்க்கும் வேளையை அறிவதில்தான் சூக்ஷ்மம் இருக்கிறது. விண்கலத்துக்குச் சொந்த ஒளி கிடையாது. ஆதலால் நாம் இருளில் இருக்க வேண்டும், அதுவோ இன்னும் வெயிலில் இருக்க வேண்டும். சூரியன் நமக்கு அஸ்தமித்துவிட்ட பிறகும் 400 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் பொருளுக்கு அது அஸ்தமிப்பதில்லை. சூரியன் அடிவானத்துக்குக் கீழே சுமார் 20 பாகை இறங்கிய பின்புதான் நம் தலைக்கு நேர் மேலே பறக்கும் கலத்தைப் பூமியின் நிழல் விழுங்குகிறது. திருப்பூர் 11 பாகை வட அட்சத்தில் இருப்பதால், இங்கே சூரியன் சாய்வாக நழுவாமல் ஏறத்தாழச் செங்குத்தாகவே இறங்குகிறது. அந்த 20 பாகையைக் கடக்க அதற்கு 80 நிமிஷங்களே தேவைப்படுகின்றன. அந்தி வெளிச்சம் மங்குவதற்குரிய முதல் அரைமணியைக் கழித்துவிட்டால், உச்சிவானத்தில் நமக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பொழுது. மேற்கு வானத்தில் மட்டும் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். விடியற்காலையிலும் இதே கணக்குத் தலைகீழாகப் பொருந்தும். நள்ளிரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் எத்தனை கூர்ந்து பார்த்தாலும் நிலையம் அவருக்குத் தென்படாமைக்குக் காரணம் இதுவே. கோடைகாலத்து வட ஐரோப்பாவிலோ, சூரியன் ஆழமாக இறங்காததால், இரவு முழுவதும் அதைக் காண முடிகிறது.

மாலை வேளையில் அது மேற்கிலோ வடமேற்கிலோ தென்மேற்கிலோ அடிவானத்திலிருந்து மங்கலாகத் தோன்றி, ஏற ஏற ஒளி மிகுந்து, கிழக்கு நோக்கிச் செல்லும். நன்றாக உச்சியைக் கடந்தால் சுமார் ஆறு நிமிஷம் தெரியும். சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி மின்னினால் அது கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குச் செல்லும் விமானம் என்று விட்டுவிடலாம். பல்லடத்திலிருந்து உடுமலைப்பேட்டை வரையிலும் தாராபுரத்துப் பக்கமும் நிற்கும் காற்றாலைகளின் உச்சியிலுள்ள செவ்விளக்குகள் நகர்வதில்லை என்பதால் அவையும் நம்மை ஏமாற்றமாட்டா. மணி கோத்தாற்போல் பல புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் சென்றால், 2019 மே மாதம் முதல் கூட்டங்கூட்டமாக ஏவப்பட்டுவரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் அவை. அவற்றைக் கண்டு திகைக்கத் தேவையில்லை. நிலையமோ துடிப்பின்றி, சப்தமின்றி, ஒரே சீராகச் செல்லும்; கிழக்கே செல்லும்போது பூமியின் நிழலுக்குள் புகுந்து சில விநாடிகளில் மங்கி, லேசாகச் செம்மை படர்ந்து, நடு வானத்திலேயே மறைந்துவிடுவதும் உண்டு.

ஒரு நாள் கண்டவர் மறுநாள் அதே நேரத்தில் காத்திருந்தால் ஏமாந்துபோவார். பூமியின் இடுப்பு சற்றுப் பருத்திருப்பதன் விளைவாக நிலையத்தின் சுற்றுப்பாதை நாள்தோறும் மேற்கு நோக்கி ஏறத்தாழ 5 பாகை திரும்பிக்கொண்டே இருக்கிறது. ஆதலால் தரிசன வேளையும் நாளுக்கு நாள் முன்னே நகர்ந்து, சில நாட்கள் மாலையில் தெரிந்து, பின் பகலுக்குள் மறைந்து, பிறகு விடியற்காலையில் தோன்றி, இப்படியே சுமார் இரண்டு மாதத்துக்கு ஒரு சக்கரமாகச் சுழல்கிறது. கைபேசியில் கிடைக்கும் செயலிகள் இந்தக் கணக்கை நமக்காகப் போட்டுத் தந்துவிடுகின்றன. என்றாலும், ஒரு முறையாவது அந்த நேரங்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, அவை நகரும் கிரமத்தைத் தாமே கண்டுபிடிக்கும் பள்ளிப் பிள்ளை பெறும் ஆனந்தம் செயலியில் கிடைப்பதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்கள் அதற்கு உகந்தவை. சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 26 முதல் ஜூலை 14 வரை அந்நிலையத்தில் தங்கி, ராகேஷ் சர்மாவுக்குப் பின் விண்ணுக்குச் சென்ற இரண்டாவது இந்தியராகவும், நிலையத்துக்குள் காலடி வைத்த முதல் இந்தியராகவும் விளங்கிய அந்த நாட்கள், பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவத்து மேகங்கள் கொங்கு நாட்டின்மேல் ஓடும் பருவமாக அமைந்துவிட்டன.

நமக்கென்று இயற்கை தந்திருக்கும் ஒரு சலுகையும் உண்டு. 1990 ஏப்ரல் 24-இல் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கி, வடக்கிலும் தெற்கிலும் 28.5 பாகைக்கு அப்பால் செல்வதில்லை. எனவே லண்டனில் வாழ்கிறவர் தம் வீட்டு வாசலில் நின்று அதைக் காணவே முடியாது. நாமோ அதன் பாதைக்கு நேர் கீழே குடியிருக்கிறோம். அனுகூலமான அந்திகளில் துருவ நக்ஷத்திரத்தின் அளவுக்கு ஒளிர்ந்து அது நம் தலைக்கு மேல் செல்கிறது. நகரத்தை விட்டு ஊத்துக்குளிப் பக்கமோ காங்கேயத்துப் பக்கமோ சற்றே விலகி நின்றால் எளிதில் புலப்படும்.

இப்படி அண்ணாந்து பார்க்கும் வழக்கம் விண்வெளி யுகத்தோடு பிறந்தது. 1957 அக்டோபர் 4-இல் ஸ்புட்னிக் ஏறியபோது உலகத்தார் வெறுங்கண்ணால் கண்டது, 58 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள அந்தச் சிறு கோளத்தையன்று. அதனுடன் சுற்றுப்பாதையை அடைந்த ராக்கெட்டின் உடலையே பெரும்பாலும் கண்டார்கள். மறு ஆண்டிலேயே செயற்கைக்கோள்களைப் படம் பிடிப்பதற்கான பேக்கர்-நன் காமிரா ஒன்று நம் நாட்டு நைனிதாலில் நிறுவப்பட்டது.

கண்ணுக்கு எட்டாத தூரம் சென்றுவிட்ட கலத்தைப் பின்தொடர முடியாது என்று எண்ண வேண்டாம்; சந்திரனுக்குச் சென்ற நம் கலங்களே இதற்குச் சான்று. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கும் அனார்த்தசைட் பாறையைப் பொடித்துச் செய்த மண்ணின்மேல்தான் சந்திரனில் இறங்கும் கலத்தையும் அதன் ஊர்தியையும் நம் விஞ்ஞானிகள் பரீக்ஷித்தார்கள். அத்தகைய பரீக்ஷைகளுக்குப் பின், விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்து நடத்திய சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 மாலை 6 மணி 4 நிமிஷத்துக்குச் சந்திரனில் இறங்கியது. அன்று வளர்பிறைச் சப்தமி. சந்திரனில் இறங்கிய இடத்துக்குச் சூரியன் உதித்துச் சிறிது காலமே ஆகியிருக்க வேண்டும் என்பதற்காகவே அந்தத் தேதி தேர்ந்தெடுக்கப்பட்டது. பௌர்ணமி கழிந்து தேய்பிறை தொடங்கிச் சில நாட்களில் அவ்விடத்தில் இருள் கவியவிருந்தபோது, செப்டம்பர் 4-இல் அங்கே இறங்கிய கலமான விக்ரம் உறக்கத்தில் ஆழ்த்தப்பட்டது. நாட்காட்டியில் திதியைப் பார்க்கத் தெரிந்த ஒரு பாட்டி, அக்கலத்துக்கு எப்போது பகல், எப்போது இரவு என்பதை வீட்டுத் திண்ணையிலிருந்தே சொல்லியிருக்கலாம்.

அதற்கு முந்தைய முயற்சியின் கதை திருப்பூர்க்காரர்களின் மனத்துக்கு இன்னும் நெருக்கமானது. 2019 செப்டம்பர் 7-இல் சந்திரயான்-2-இன் விக்ரம் தரையில் மோதித் தொடர்பிழந்தது. அந்தப் பிரதேசத்தை அமெரிக்கக் கலம் ஒன்று எடுத்த படத்தை நாசா அம்மாதக் கடைசியில் யாவரும் பார்க்கும்படி வெளியிட்டது. சென்னையில் வேலை பார்த்த சண்முக சுப்பிரமணியன் என்ற பொறியாளர், தம் கணினியில் அந்தப் படத்தையும் அதே இடத்தின் பழைய படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிலத்தில் 1.3 மீட்டர் அகலத்தை ஒரே புள்ளியாகக் காட்டும் அந்தச் சாம்பல் நிறப் பரப்பை இரவுதோறும் ஆராய்ந்தார். பனியன் கம்பெனியின் செக்கிங் மேஜையில், கஜக்கணக்கில் ஓடும் துணியில், நிட்டிங் மெஷினின் ஊசி முறிந்ததால் விழுந்த ஒற்றைக் கோட்டைப் பிடித்து நிறுத்தும் பெண்களின் கண் எத்தகையதோ, அத்தகையதே அவருடைய கண்ணும்: பழைய படத்தில் இல்லாத ஒரு வெண்புள்ளி புதிய படத்தில் இருப்பதை அது கண்டுகொண்டது. அவர் எழுதித் தெரிவிக்க, விஞ்ஞானிகள் மறுபடி படமெடுத்துச் சரிபார்த்து, முக்கிய மோதல் இடத்துக்கு 750 மீட்டர் வடமேற்கே கிடந்த அது விக்ரமின் சிதறலே என்று டிசம்பர் 2-ஆம் தேதி அவர் பெயரைச் சொல்லி அறிவித்தார்கள். பெரிய தொலைநோக்கியோ ஆய்வுக்கூடமோ அவரிடம் இருந்ததில்லை.

தொலைந்த கலத்தைத் தேடிய மற்றொரு சம்பவத்தையும் கொங்கு நாட்டார் அறிந்திருக்க வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்து, கோயம்புத்தூரில் பொறியியல் பயின்ற மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்து அனுப்பிய சந்திரயான்-1, 2009 ஆகஸ்ட் 29-இல் மௌனமாகிவிட்டது. பக்கத்துக்கு ஒன்றரை மீட்டரே உள்ள அந்தப் பெட்டியை 3,80,000 கிலோமீட்டர் தூரத்தில், சந்திரனின் கண்கூசும் ஒளிக்கு அருகில், எந்தக் கண்ணாடியாலும் காண முடியாது. 2016 ஜூலையில் அமெரிக்க விஞ்ஞானிகள் கோல்ட்ஸ்டோனின் 70 மீட்டர் ஆன்டெனாவிலிருந்து சந்திரனின் வட துருவத்துக்கு மேலே ரேடார் அலைகளைச் செலுத்தி, கிரீன் பேங்கின் 100 மீட்டர் ஆன்டெனாவால் எதிரொலிக்காகக் காத்திருந்தார்கள். துருவத்தைக் கடந்து செல்லும் ஒரு சிறு பொருளின் எதிரொலி நான்கு மணி நேரத்தில் இரு முறை கிடைத்தது. இடைவெளி, அக்கலம் சந்திரனைச் சுற்றுவதற்குரிய 2 மணி 8 நிமிஷத்தோடு பொருந்தியது. ஏழு ஆண்டுகளாகக் குரலற்றுப்போயிருந்த நம்முடைய கலம், சந்திரனின் ஒழுங்கற்ற ஈர்ப்பினால் பாதையில் இடம் மாறியிருந்தும், சுமார் 200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது.

இனி வரப்போவது நம் தெற்கு வானத்தைப் பொறுத்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குச் செல்லும் ராக்கெட்டுகள் இலங்கையைத் தவிர்ப்பதற்காக வளைந்து செல்ல வேண்டியிருப்பதால், அந்த வளைவே தேவைப்படாத தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் சிறு ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. திருப்பூரிலிருந்து அது ஏறத்தாழ 300 கிலோமீட்டர், தெற்கில் சற்றே கிழக்கு சாய்ந்த திசை. அங்கிருந்து கடலின்மேல் தெற்கு நோக்கி ஏறும் ராக்கெட், நூறு, இருநூறு கிலோமீட்டர் உயரத்தை எட்டும் வேளையில், நம் அடிவானத்துக்கு மேலே சுமார் 10 பாகையில், அதாவது கையை நீட்டிப் பிடித்த முஷ்டியின் அகலத்தில் இருக்கும் என்பது எளிய கணக்கு. அந்தியிலோ இரவிலோ ஏவப்பட்டு, மேகமும் இல்லாதிருந்தால், தாராபுரம் ரோட்டில் தெற்கே கட்டடங்கள் மறைக்காத ஓர் இடத்தை இப்போதே பார்த்து வைத்திருப்பவர், ஏவுதல் நேரத்தைக் கேட்டுக்கொண்டு அங்கே போய் நின்றால் போதும்.