கரப்பானை விடாத புரதம்

பெரியோஸ்டின் இணைப்புத் திசுவில் இருக்கும் ஒரு புரதம். 1993இல் எலியின் எலும்பாக்கச் செல்களில் முதன்முதலாக இனங்காணப்பட்டது. எலும்பைப் போர்த்தியுள்ள பெரியாஸ்டியம் என்னும் உறையிலும், பல்லைத் தாடையோடு பிணைக்கும் நாரிலும் மிகுதியாக இருப்பதால் 1999இல் இந்தப் பெயரைப் பெற்றது. இழுவை தாங்கவேண்டிய இடங்களில் கொலாஜன் இழைகள் உறுதியாகப் பிணைய இது உதவுகிறது. தோலில் காயம் பட்டால் பெருகும், ஆறியதும் குறையும்.

அப்படிக் குறையாமல் தங்கிவிடும் நோய்களில் ஒன்று அடோபிக் டெர்மடைட்டிஸ். கத்தரிக்காயையும் கருவாட்டையும் ‘கரப்பான் பண்டம்’ என்று ஒதுக்கும் நம் வீடுகளில் இதற்கும் கரப்பான் என்றே பெயர். முழங்கை மடிப்பும் முழங்காலின் பின்புறமும் சொறிந்து சொறிந்து தடித்து, ரேகைகள் ஆழமாகி, பழைய செருப்புத் தோல் போலக் காணப்படும். அந்தத் தோலின் மெல்லிய சீவலில் பெரியோஸ்டினுக்கு மட்டும் நிறமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், மேல்தோலுக்கு அடியில் அது அடர்ந்து படிந்திருப்பது தெரியும்.

படிந்த புரதம் சும்மா இருப்பதில்லை. ஒவ்வாமையின்போது வெள்ளணுக்கள் இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 என்ற சமிக்ஞைப் பொருள்களை வெளியிடுகின்றன. அவை பட்டதும் உள்தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் பெரியோஸ்டினைச் சுரக்கின்றன. அது மேல்தோல் செல்களின் இன்டெக்ரின் ஏற்பிகளைப் பற்ற, அந்தச் செல்கள் டி.எஸ்.எல்.பி. என்ற பொருளை விடுகின்றன. டி.எஸ்.எல்.பி. மறுபடியும் அதே வெள்ளணுக்களைத் தூண்டுகிறது. தொடங்கிவைத்த தூசி போன பிறகும் அழற்சி அடங்காமல் சுழல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்தில் கெஞ்சி இசுஹாராவின் குழு 2012இல் இந்தச் சுழலை விளக்கியது. வீட்டுத் தூசிப் பூச்சியின் சாற்றைத் தோலில் தடவியபோது, சாதாரண எலிகளுக்கு நாட்பட்ட அழற்சி வந்தது. பெரியோஸ்டின் மரபணு நீக்கப்பட்ட எலிகள் தப்பின.

நமைச்சலிலும் இதற்குப் பங்குண்டு. பெரியோஸ்டினை ஊசி மூலம் தோலில் செலுத்தினால் எலி, நாய், குரங்கு மூன்றும் சொறிகின்றன என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. உணர்ச்சி நரம்புகளிலும் இதற்கான இன்டெக்ரின் ஏற்பி இருக்கிறது. சொறியாதே என்று குழந்தையை அதட்டிப் பயனில்லாமல் போவது இதனால்தான் போலும்.

2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டூபிலுமாப் என்ற மருந்து, மேற்சொன்ன இரு இன்டர்லூக்கின்களுக்கும் பொதுவான ஏற்பியை அடைக்கிறது. பெரியோஸ்டினைச் சுரக்கச் சொல்லும் கட்டளை அங்கேயே தடைபடுகிறது. பெரியவர்களுக்கு இது பொதுவாக இரு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடப்படும் ஊசி.