டாய் ஸ்டோரியும் எங்கள் வீட்டுப் பரணும்

2025 நவம்பர் 22 அன்றோடு 'டாய் ஸ்டோரி' முதல் படம் அமெரிக்காவில் வெளியாகி 30 வருஷம். 1995இல் நான் ப்ளஸ் ஒன். படத்தைப் பார்த்தது அதற்கு நாலு வருஷம் கழித்து, இன்ஜினியரிங் ஹாஸ்டலில், பர்மா பஜாரில் வாங்கிய ஒரு விசிடியில். அன்றைக்கு நாங்கள் கதையையா பார்த்தோம்? 'முழுக்க முழுக்க கம்ப்யூட்டரிலேயே செய்த முதல் முழுநீளப் படம்' என்று யாரோ சொன்னார்கள், அதற்காகப் பார்த்தோம். நொடிக்கு 24 ஃப்ரேம் வீதம் 81 நிமிஷப் படத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் ஃப்ரேம். ஒரு ஃப்ரேமை ரெண்டர் செய்ய எத்தனை நேரம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே பாதிப் படம் ஓடிவிட்டது.

இப்போது எங்கள் வீட்டில் அந்த வரிசையை மூன்று தலைமுறை பார்க்கிறது. ஆங்கிலம் தெரியாத என் அம்மா உட்பட. ("அது பேரு பஸ்ஸா? எந்த ஊரு பஸ்ஸு?" என்று முதல் தடவை கேட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் பஸ் லைட்இயருக்கு டவுன் பஸ் என்றுதான் பெயர்.) ஒரு பொம்மைப் படம் எப்படி முப்பது வருஷம் குடும்பங்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், ஏன் பொம்மை? இதற்குக் கொஞ்சம் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. பிக்ஸார் 1988இல் 'டின் டாய்' என்று ஒரு குறும்படம் எடுத்தது. ஒரு தகர பொம்மை, ஒரு கைக்குழந்தை. பொம்மை நன்றாக வந்தது. குழந்தையைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கும். தோல், முடி, துணி மடிப்பு எல்லாம் அன்றைய கணினிக்கு எட்டாத சமாச்சாரம். பிளாஸ்டிக்கும் வார்னிஷ் அடித்த மரமும் எட்டும். அந்தக் குறும்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் அதில் கவனிக்க வேண்டிய வேறொன்று இருக்கிறது. குழந்தை பொம்மைகளை உடைக்கிறது, கடிக்கிறது. பயந்துபோன தகர பொம்மை ஓடி சோபாவுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. குழந்தை விழுந்து அழுதவுடன், அடி விழும் என்று தெரிந்தும், வெளியே வருகிறது.

இது யாருடைய நடத்தை? வீட்டில் கைக்குழந்தை வைத்திருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் வாதம் இவ்வளவுதான்: இந்தப் படங்களில் பொம்மைகள்தான் பெற்றோர். குழந்தைகள் படத்தைப் பொம்மைகளின் சாகசமாகப் பார்க்கிறார்கள். நாம் அதே நேரத்தில், அதே சோபாவில், நம்முடைய கதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பெரியவர்களுக்கு என்று தனியாக ஜோக் வைக்கிற படங்கள் நிறைய உண்டு, அவை ஒரு தடவையோடு சரி. இதில் ஜோக் இரண்டு இல்லை, ஒரே காட்சிதான். பார்க்கிறவரின் வயசுக்குத் தகுந்த மாதிரி மாறிக்கொள்கிறது.

முதல் படத்தை மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி படிக்கலாம். தம்பி பிறந்த வீட்டில் மூத்த பிள்ளையின் பொறாமைக் கதை அது. வுட்டி மூத்தது, பஸ் புதுசு. அதிலும் பிக்ஸார் ஒரு முறை சறுக்கியது. 1993 நவம்பர் 19 அன்று டிஸ்னிக்காரர்களுக்குப் பாதிப் படத்தை வரைபடங்களாகப் போட்டுக் காட்டினார்கள். அந்த வடிவத்தில் வுட்டி கெட்டவன், பஸ்ஸை வேண்டுமென்றே ஜன்னல் வழியாகத் தள்ளுகிறான். பார்த்தவர்கள் தயாரிப்பையே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். திருத்தி எழுதியபோது வுட்டியின் பொறாமை அப்படியே இருந்தது. தள்ளுவது மட்டும் கைதவறி நடப்பதாக ஆனது. அந்த ஒரு மாற்றத்தில்தான் நாம் வுட்டியை மன்னிக்கிறோம்.

இரண்டாம் படத்தைப் பற்றி என் மாதிரி ஆட்களுக்கு மறக்க முடியாத கதை ஒன்று உண்டு. 1998இல் யாரோ ஒருவர் சர்வரில் தவறான இடத்தில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். திரையில் வுட்டியின் தொப்பி காணாமல் போனது, பிறகு பூட்ஸ், பிறகு வுட்டியே. சுமார் 90 சதவீதம் போய்விட்டது. சரி, பேக்கப் இருக்கே என்று பார்த்தால், அது ஒழுங்காக வேலையே செய்யவில்லை. (நம்மில் எத்தனை பேர் பேக்கப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்துச் சோதித்திருக்கிறோம்? கை தூக்க வேண்டாம்.) படத்தைக் காப்பாற்றியது கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர் வீட்டில் இருந்த ஒரு பிரதி. அவருக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஒரு கம்ப்யூட்டரில் படம் ஏற்றி வைத்திருந்தார்கள். அதைப் போர்வையில் சுற்றி, காரின் பின் சீட்டில் வைத்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்களாம். அப்படிக் காப்பாற்றிய படத்தையும் கதை சரியில்லை என்று பெரும்பாலும் தூக்கிப் போட்டுவிட்டு, சுமார் ஒன்பதே மாதத்தில் மறுபடி எடுத்தார்கள் என்பது தனிக்கதை.

மறுபடி எடுத்த அந்தப் படத்தில்தான் ஜெஸ்ஸி வருகிறாள். அவளை வைத்திருந்த எமிலி என்ற பெண் வளர்கிறாள். பொம்மை கட்டிலுக்கு அடியில் விழுந்து கிடக்கிறது, வருஷக் கணக்கில். ஒருநாள் எமிலி அதைக் கையில் எடுக்கிறாள், காரில் உட்கார வைக்கிறாள், நமக்கும் சந்தோஷமாக இருக்கிறது. காரை நிறுத்துவது பழைய சாமான் வாங்கும் பெட்டி பக்கத்தில்.

கட்டிலுக்கு அடி என்றதும் எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வருகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

2015இல் நாங்கள் முடிச்சூரில் தரைத்தளத்தில் இருந்தோம். அந்த வருஷக் கொலுவில், என் மகள் (அப்போது ஏழு வயசு) படிக்குக் கீழே பார்க் கட்டினாள். கடுகு முளைக்க விட்டுப் புல்வெளி, கண்ணாடித் துண்டில் குளம், செட்டியார் கடை, கடைக்குக் காவலாக ஒரு பஸ் லைட்இயர். தாம்பரம் சண்முகம் ரோட்டில் வாங்கிய டூப்ளிகேட் தான், பட்டனை அழுத்தினால் ஒரு சிறகுதான் விரியும். கொலு முடிந்து பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பெட்டியில் அடுக்கிப் பரணில் ஏற்றினோம். பஸ்ஸை மட்டும் தர மாட்டேன் என்றாள். அது கட்டிலுக்கு அடியில் இருந்த அவள் சாமான் பெட்டிக்குப் போனது.

டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். அடையாற்றுத் தண்ணீர் முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் புகுந்தது ஊருக்கே தெரியும். சேலையூரில் உறவினர் வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு நானும் என் மனைவியும் திரும்பிப் போனோம். பரணில் கொலுப் பெட்டிகள் பத்திரம், ஒரு சொட்டு ஈரமில்லை. கீழே இருந்த எல்லாவற்றிலும் சேறு. மெத்தை, புத்தகம், ஃபிரிட்ஜ், அவள் பெட்டி. பஸ் பெரிதாக ஒன்றும் ஆகாமல்தான் இருந்தது. கழுவியிருக்கலாம். அந்த நாற்றத்தில், அந்த அலுப்பில், நானே எடுத்து மூட்டையில் போட்டுத் தெருமுனையில் வைத்தேன்.

"பஸ் எங்கப்பா?" என்று கேட்டாள்.

"தண்ணியில போயிடுச்சும்மா" என்றேன்.

அடுத்த கோடை லீவில் மூன்றாம் படத்தைப் பார்த்தோம். 2010இல் வந்தது, உலக வசூல் 100 கோடி டாலரைத் தாண்டியது. ஆண்டிக்கு 17 வயசு, காலேஜுக்குக் கிளம்புகிறான். சின்ன வயசு ஆண்டிக்குக் குரல் கொடுத்த ஜான் மோரிஸையே தேடிப் பிடித்து மறுபடி பேச வைத்திருக்கிறார்கள். 1995இல் முதல் படம் பார்த்த பொடிசுகளும் கிட்டத்தட்ட காலேஜ் வயசில்தான் தியேட்டருக்கு வந்தார்கள். கதாநாயகன் ரசிகனோடு சேர்ந்து வளர்கிறான் (நம்மூர் கதாநாயகர்கள் எப்போதும் காலேஜில்தான் படிக்கிறார்கள், அது வேறு விஷயம்). ஆண்டி பொம்மைகளைப் பரணுக்கு என்று ஒரு கறுப்புப் பையில் போடுகிறான். அவன் அம்மா குப்பை என்று நினைத்து வாசலில் வைத்துவிடுகிறார்.

அந்த இடத்தில் என் மகள் கேட்டாள்: "அந்த அம்மாவுக்கு மூட்டையில என்ன இருக்குன்னு தெரியாதுல்ல?"

"தெரியாதும்மா."

அதன் பிறகு குப்பை எரிக்கும் உலைக்கு முன்னால் பொம்மைகள் கைகோர்த்துக்கொள்ளும் காட்சியை நான் சரியாகப் பார்க்கவில்லை.

இந்த ஆகஸ்டில் அவள் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குக் கிளம்பியபோது, பெட்டி அடுக்கிக்கொண்டே, பத்து வருஷம் கழித்து, உண்மையைச் சொன்னேன். அவள் நிமிரக்கூட இல்லை. "எனக்கு அப்பவே தெரியும்ப்பா. பாட்டியோட தெருமுனைக்கு வந்தேன்ல, மூட்டையிலேர்ந்து அந்த ஒத்தை றெக்கை நீட்டிட்டு இருந்துச்சு." அப்படியென்றால் படம் பார்க்கும்போது கேட்ட கேள்வி? கேட்டேன். சிரித்தாள், பதில் வரவில்லை.

அமெரிக்கப் படத்தில் பரண் என்பது கிட்டத்தட்ட மரணத்துக்கு முந்தைய இடம். பொம்மைகளுக்கு அங்கே போக பயம். நம் வீடுகளில் அதுதான் பாதுகாப்பான இடம். வருஷத்தில் ஒன்பது நாள் இறங்கி வரலாம் என்ற உத்தரவாதமும் உண்டு. வருஷா வருஷம் புதுசாக ஒரு பொம்மையாவது சேர்க்க வேண்டும் என்பதால் படியில் இடச் சண்டை உண்டு. வுட்டி படும் அவஸ்தையை எங்கள் வீட்டுத் தலையாட்டி பொம்மை நன்றாக அறியும். மரப்பாச்சி ஜோடி அம்மாவுக்கு அவர் கல்யாணத்தில் வந்தது. செஞ்சந்தன மரம், பல தலைமுறைக்குத் தாங்கும். அம்மா வீட்டிலிருந்து பெண்ணுக்கு, அவளிடமிருந்து அவள் பெண்ணுக்கு என்று போகிற பொம்மை. ஆண்டி கடைசியில் பானி என்ற சின்னப் பெண்ணிடம் வுட்டியைக் கொடுக்க அவ்வளவு தயங்குகிறானே, அந்தக் கைமாற்றத்தை நாம் சீர்வரிசையில் சேர்த்துவிட்டோம். அதனால் வலி குறைந்ததா என்றால், அம்மாவைக் கேட்டால்தான் தெரியும்.

2019இல் வந்த நான்காம் படம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும். பார்த்துக்கொள்ளக் குழந்தை இல்லாமல் வுட்டி என்ன செய்வான் என்பதுதான் அதில் கதை. எனக்கு இன்னும் அந்த வயசு வரவில்லை போல. ஐந்தாவது 2026இல் என்று அறிவித்திருக்கிறார்கள்.

இந்த வருஷக் கொலுவுக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. பார்க் கட்ட ஆள் இல்லாமல் செட்டியார் கடை மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தது, காவலுக்கு யாரும் இல்லை. விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை முடிப்பது வழக்கம். வீடியோ காலில் அவளைக் கூப்பிட்டு எதைப் படுக்க வைக்க என்று கேட்டோம். மரப்பாச்சி என்றாள். அம்மா படுக்க வைத்தார்.

"பாட்டி, கட்டிலுக்கு அடியில மட்டும் வெச்சிடாதீங்க" என்று மட்டும் சொன்னாள், என்னைப் பார்த்துக்கொண்டே.