கடலில்லாத சமஸ்தானம்

உலகப் படத்தை விரித்துப் பார்த்தால், கடற்கரை என்பதே இல்லாத நாடுகள் நாற்பதுக்கு மேல் இருப்பதைக் காணலாம். அவற்றுள் 32 நாடுகளை, வளர்ந்துவரும் நாடுகள் என்ற முறையில், ஐக்கிய நாடுகள் சபை தனி வகுப்பாகவே பிரித்து வைத்திருக்கிறது. நம் அண்டை நாடுகளாகிய நேபாளமும் பூடானும் அவ்வகுப்பைச் சேர்ந்தவை.

"எங்கள் எருமப்பட்டியிலுந்தான் கடல் இல்லை, அதனால் என்ன குறைந்துவிட்டது?" என்று மாணவர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நானும் அவ்வூர்க்காரனே, கொல்லிமலையைப் பார்த்து வளர்ந்தவனேயன்றி அலைகளைப் பார்த்து வளர்ந்தவன் அல்லன். ஆயினும் நாமக்கல் வட்டாரத்துக் கோழி முட்டை, லாரி ஏறித் தூத்துக்குடித் துறைமுகம் சென்று கப்பலில் புகும் வரையில், அயல்நாட்டு அதிகாரி எவரும் அதை வழிமறிப்பதில்லை. நமக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது தூரம் மட்டுமே. காட்மாண்டு வணிகருக்கோ தூரத்தோடு ஓர் எல்லையும் உண்டு. கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கும் அவருடைய சரக்கு இன்னொரு நாட்டின் சட்டத்துக்குட்பட்டே அவரிடம் வந்து சேர வேண்டும்.

அந்த எல்லை ஓர் அரசை என்ன செய்யும் என்பதை அறிய இமயமலை வரையில் செல்ல வேண்டுவதில்லை. 1948 வரை தமிழகத்தின் நடுவிலேயே அத்தகைய அரசு ஒன்று இருந்தது. அதுதான் தொண்டைமான்களின் புதுக்கோட்டைச் சமஸ்தானம்.

அதன் பரப்பு ஏறத்தாழ 1,180 சதுர மைல். சுற்றிலும் தஞ்சை, திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம் என்று பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட சீமைகள். கிழக்கே கடல் அதிகத் தொலைவில் இல்லை; ஆனால் இடையிலிருந்த நிலம் பிறருடையது. பேராறு எதுவும் இல்லை. மழையை நம்பிய கண்மாய்களே உழவுக்கு ஆதாரம். மன்னர் இருந்தார், திவான் இருந்தார், நாணயமும் இருந்தது. ஆனால் உப்பு இல்லை.

இந்த உப்பின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கடலில்லாவிட்டாலும் புதுக்கோட்டையில் உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி உப்பு எடுக்கும் தொழில் நெடுங்காலமாக நடந்து வந்தது. பிரிட்டிஷ் அரசோ உப்பின்மேல் வரி விதித்து வந்தது. வரியில்லாத உப்பு எல்லை தாண்டிக் கசிந்தால் அந்த வருவாய் என்னாவது? ஆகவே 1887-இல் ஓர் உடன்படிக்கையின்படி சமஸ்தானத்தில் உப்புக் காய்ச்சுவது நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 38,000 ரூபாய் அளிக்கப்பட்டது.

1901-ஆம் ஆண்டுக் கணக்கின்படி சமஸ்தானத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 3,80,000. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒரு ரூபாயில் பத்தில் ஒரு பங்கு வருகிறது. புதுக்கோட்டையின் சொந்த நாணயமான அம்மன் காசில் இருபது சேர்ந்தது ஓர் அணா. எனவே ஆளுக்கு 32 காசு. அதுவும் ஆளின் கைக்கு வரவில்லை, கஜானாவுக்குப் போயிற்று. மக்கள் வெளியிலிருந்து வந்த வரி கட்டிய உப்பை வாங்கித் தின்றார்கள். எல்லைகளைத் தாண்டாமல் வாணிகம் செய்ய முடியாத அரசு, பெரிய அண்டை அரசின் வரிக் கொள்கையைத் தன் கொள்கையாக ஏற்க வேண்டியதாயிற்று.

பிரகதாம்பாளின் உருவம் பொறித்த அந்தச் செப்புக் காசு அழகானது. நவராத்திரியில் அரிசியோடு தானமாக வழங்கப்பட்டது. ஆனால் பெரிய கொடுக்கல் வாங்கல்களுக்குப் பிரிட்டிஷ் ரூபாயே வேண்டும். பூடானும் 1974-இல் ‘இங்குல்ட்ரம்’ என்ற தன் நாணயத்தை வெளியிட்டபோது, அதன் மதிப்பை இந்திய ரூபாயோடு சமமாக வைத்தது, இன்றும் அப்படியே.

நிருவாகம் முழுவதும் பிற்போக்காக இருந்தது என்று எண்ணிவிடலாகாது. 1878-இல் பொறுப்பேற்ற சேஷையா சாஸ்திரி, விளைச்சலை அரசும் குடியும் பங்கிட்டுக் கொள்ளும் அமானி முறையை ஒழித்துப் பண வரியை ஏற்படுத்தினார். 1902-இல் பிரதிநிதி சபையும், 1924-இல் சட்டசபையும் வந்தன. 1929-இல் திருச்சியிலிருந்து ரயில் வந்தது. எனினும் இறுதி அதிகாரம் மக்களிடம் வரவில்லை. 1931-இல் புதிய வரிகளை எதிர்த்துக் கலகம் மூண்டது.

திறமையுடையோருக்கு இடமும் போதவில்லை. 1887-இல் திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி சென்னையிலும் டில்லியிலும்தான் அரசியல் நடத்தினார். 1886-இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் மன்னர் கல்லூரியில் படித்தபின் மருத்துவம் பயிலச் சென்னைக்கே செல்ல வேண்டியிருந்தது. பூடானின் இளைஞர்கள் பெருந்தொகையினராக இன்று ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார்கள். புதுக்கோட்டையில் மன்னரே அங்கே போனார்! 1915-இல் ஆஸ்திரேலியப் பெண்மணியொருவரை மணந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் நாட்டை விட்டு வெளியே வாழ்ந்து 1928-இல் காலமானார். அதன்பின் அரியணை ஏறிய இராஜகோபாலத் தொண்டைமானுக்கு அப்போது ஆறு வயது.

வழியை வைத்திருப்பவன் அதை அடைத்தால் விளைவு சந்தையோடு நிற்பதில்லை. 1989 மார்ச்சில் நேபாளத்துக்கும் இந்தியாவுக்கும் இடையிலான வாணிக, போக்குவரத்து உடன்படிக்கைகள் காலாவதியாயின. எல்லை வழிகளில் இரண்டைத் தவிர ஏனையவை மூடப்பட்டன. மண்ணெண்ணெய்க்கு மக்கள் தவித்தனர். மறு ஆண்டே எழுந்த மக்கள் கிளர்ச்சியால், மன்னர் பீரேந்திரர் பல கட்சி ஆட்சி முறையை ஏற்க நேர்ந்தது. கிளர்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. அடுப்பெரியாத வீடுகள் அதை விரைவுபடுத்தின என்பது என் கருத்து. 2015-இல் புதிய அரசியலமைப்புச் சட்டம் வந்தபோதும் எல்லையில் லாரிகள் மாதக்கணக்கில் நின்றன. கடலில்லாத நாடுகளுக்கு வழி பெறும் உரிமை உண்டென்று 1982-ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கை கூறுகிறது. ஆனால் எந்த வழி, என்ன நிபந்தனை என்பவற்றை வழி கொடுக்கும் நாட்டோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

தென்னாப்பிரிக்காவால் முற்றிலும் சூழப்பட்ட லெசோத்தோ 1966-இல் தனி நாடாயிற்று. புதுக்கோட்டை அவ்வழியிற் செல்லவில்லை. எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே மொழி, ஒரே உறவுமுறை. பெண் கொடுத்ததும் கொண்டதும் எல்லையைப் பார்த்து அல்ல. 1948 மார்ச் 3-ஆம் நாள் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று.

1974 ஜனவரி 14-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது, தஞ்சை மாவட்டத்தின் கரையோரப் பகுதியும் அதனோடு சேர்க்கப்பட்டது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் எல்லாம் இன்று புதுக்கோட்டையின் ஊர்கள். தொண்டைமானின் அரண்மனை இப்போது மாவட்ட ஆட்சியரின் அலுவலகம். அக்கரையோர மீனவர்கள் தங்கள் மனுக்களை எடுத்துக்கொண்டு வருவது அங்கேதான்.