மோட்டார் இன்ஷூரன்ஸில் மறைக்கக் கூடாத கேள்வி

விடியுமுன் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு மல்லிகை மூட்டைகளைக் கொண்டு சேர்ப்பதும், செல்லூர்த் தறிகளில் நெய்த துணியைக் கடைவீதிக்கு ஏற்றிச் செல்வதும், மேலூர்ப் பக்கத்து நெல்லை ஆலைக்கு எடுத்துப் போவதும் இன்று பெரும்பாலும் சிறிய சரக்கு வண்டிகளே. அவற்றுள் பல, கடன் பெற்று வாங்கப்பட்டவை. அத்தகைய வண்டி ஒருவரை மோதிவிட்டால், இன்ஷூரன்ஸ் செல்லுபடியாகாத நிலையில், நஷ்ட ஈட்டுக்கு உரிமையாளரின் வீடும் நிலமுமே பதில் சொல்ல வேண்டி வரும். ஆயினும் இன்ஷூரன்ஸ் பத்திரத்தை வாசிப்போர் மிகச் சிலர். அதற்கு ஆதாரமான விண்ணப்பப் பாரத்தை வாசிப்போர் அவர்களினும் சிலர்.

அப்பாரத்தில் வழக்கமாக ஒரு கேள்வி உண்டு. இதற்கு முன் எந்தக் கம்பெனியேனும் உமது விண்ணப்பத்தை நிராகரித்ததா, பாலிஸியை ரத்துச் செய்ததா, புதுப்பிக்க மறுத்ததா, விசேஷ நிபந்தனை விதித்ததா என்பதே அது. “இல்லை” என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டுக் கையொப்பமிடுவது நம்மிடையே சகஜம். மறுக்கப்பட்டோம் என்று ஒப்புக் கொள்வது மானக்கேடு என்ற எண்ணமே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

அவ்வெண்ணம் அடிப்படையற்றது. சரக்கு வண்டிகளைக் கம்பெனிகள் தட்டிக் கழித்ததற்கு உரிமையாளரின் குற்றம் எப்போதும் காரணமன்று. மூன்றாம் தரப்பினருக்கான காப்பீடு 1946 ஜூலை 1 முதல் நம் நாட்டில் கட்டாயம். அதில் வசூலாகும் பிரீமியத்தைவிடக் கொடுக்கும் நஷ்ட ஈடு மிகுதி என்பது கம்பெனிகளின் நெடுநாளைய முறையீடு. ஆகவே லாரி என்றதும் பாராமுகம் காட்டிய காலம் இருந்தது. 2007-ல் இந்த நஷ்டத்தை எல்லாக் கம்பெனிகளும் பகிர்ந்து கொள்ளப் பொது நிதி ஒன்று அமைந்தது. 2012-ல் அது போய், ஏற்க விரும்பாத வண்டிகளுக்கென்றே வேறொரு பொது நிதி வந்தது. 2015-ல் திருத்தப்பட்ட இன்ஷூரன்ஸ் சட்டமோ, மூன்றாம் தரப்புக் காப்பீட்டில் குறிப்பிட்ட அளவை ஒவ்வொரு கம்பெனியும் மேற்கொண்டே தீர வேண்டும் என்று விதித்தது. வண்டியின் இனத்தை நோக்கிச் செய்த மறுப்பை உரிமையாளர் தம் நடத்தைக்கு ஏற்பட்ட களங்கமாக எண்ணி மறைப்பானேன்?

மறைப்பதால் லாபமும் இல்லை. மூன்றாம் தரப்புக்கான பிரீமியத்தை நிர்ணயிப்பது கம்பெனி அன்று, மத்திய அரசு. 2022 ஜூன் 1 முதல் அமலான விகிதப்படி, 7,500 கிலோ வரை மொத்த எடையுள்ள சரக்கு வண்டிக்கு அது வரி நீங்கலாக ரூ. 16,049. முன்பு மறுக்கப்பட்டவருக்கும் மறுக்கப்படாதவருக்கும் அத்தொகை ஒன்றே. சொந்த வண்டியின் சேதத்துக்குரிய பகுதியில்தான் கம்பெனி கூடக் குறையக் கேட்கலாம்.

நஷ்டமோ பெரிது. முக்கியமான சங்கதியை மறைத்தோ பொய்யாகக் கூறியோ பெற்ற பாலிஸி செல்லாது என்று விபத்து நீதிமன்றத்தில் வாதிட மோட்டார் வாகனச் சட்டம் கம்பெனிக்கு இடம் தருகிறது. பாலிஸி நிபந்தனை மீறப்பட்ட வழக்குகளில், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கம்பெனி கொடுத்துப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக் கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் கட்டளையிடுவதும் உண்டு. அப்போது அடிபட்டவர் பிழைத்தார், வண்டிக்காரர் பிழைக்கவில்லை.

“ஏஜெண்டு நிரப்பினார், நான் கையெழுத்து மட்டும் போட்டேன்” என்ற சமாதானம் எடுபடாது. 2019 ஏப்ரலில் ஸுப்ரீம் கோர்ட்டு ஓர் ஆயுள் இன்ஷூரன்ஸ் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. வேறொரு கம்பெனியில் இரண்டு மாதங்களுக்கு முன் பெற்ற பாலிஸியை விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்டதற்காக, ரூ. 10 லட்சம் கொடுக்க மறுத்த கம்பெனியின் செயல் சரியென்றே தீர்ப்பாயிற்று. வாசிக்காமல் கையொப்பமிட்டவர் அதன் விளைவிலிருந்து சாதாரணமாகத் தப்ப இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். பாரம் ஆங்கிலத்தில் இருந்தால் பிறரைக் கொண்டு வாசிக்கக் கேட்டு, நிரப்பிய பாரத்தின் நகல் ஒன்றைக் கையில் வாங்கிக் கொள்ளுதல் நலம். மறுப்பு ஏதேனும் இருந்திருப்பின், எந்தக் கம்பெனி, எந்த ஆண்டு, என்ன காரணம் என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

நோ கிளெய்ம் போனஸிலும் இதே எச்சரிக்கை வேண்டும். நஷ்ட ஈடு கேளாத முதல் ஆண்டுக்கு 20 சதவிகிதத்தில் தொடங்கி 50 வரை உயரும் இச்சலுகை, வண்டியைச் சேர்ந்ததன்று, உரிமையாளரைச் சேர்ந்தது. முன் ஆண்டில் நஷ்ட ஈடு பெற்றதை மறைத்து இச்சலுகையைப் பெற்றால், சொந்தச் சேதப் பகுதி முழுவதும் பறிபோகும் என்று விண்ணப்பத்திலேயே நாம் எழுதிக் கொடுக்கிறோம். பாலிஸி முடிந்த 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிடினும் சலுகை போய்விடும்.

புதுப்பித்தலில் நாளைவிட நாழிகை முக்கியம். 1983 அக்டோபரில் ஒரு வண்டி காலை 11.15-க்கு விபத்துக்குள்ளாயிற்று, அன்று மாலை 4 மணிக்கே பாலிஸி புதுப்பிக்கப்பட்டது. பத்திரத்தில் நேரம் குறித்திருந்தபடியால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று 1996-ல் ஸுப்ரீம் கோர்ட்டு முடிவு செய்தது. பிரீமியம் கம்பெனியின் கைக்குச் சேர்ந்தாலன்றிப் பொறுப்பு தொடங்குவதில்லை. புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டுக் கடிதம் காப்பீடு ஆகாது. அறுவடைக் காலத்தில் “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்பவர்களே இங்கு அகப்படுகிறார்கள். காப்பீடின்றி ஓட்டி முதல் முறை பிடிபட்டால் ரூ. 2,000 அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019-ன் திருத்தச் சட்டம் கூறுகிறது.

இடையில் ரத்துச் செய்வதில் முன்பு பெருநஷ்டம் இருந்தது. 2002-ன் கட்டண விதிப்படி, ஒரு மாதம் மட்டுமே அனுபவித்தவரிடமும் ஆண்டுப் பிரீமியத்தில் 20 சதவிகிதம் பிடித்துக் கொள்வர். எட்டு மாதம் கடந்தால் ஒரு காசும் திரும்பாது. 2024 ஜூனில் இன்ஷூரன்ஸ் மேற்பார்வை ஆணையம் இம்முறையை மாற்றியது. ஓராண்டுப் பாலிஸியில் நஷ்ட ஈடு ஏதும் கோராதிருந்தால், மீதி நாட்களுக்குரிய தொகையைக் கணக்கிட்டுத் தர வேண்டும். காரணம் கேட்கவும் கூடாது. ஆனால் ஓடுகின்ற வண்டியின் மூன்றாம் தரப்புக் காப்பீட்டை ரத்துச் செய்ய, வேறு பாலிஸி எடுத்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். ஆகையால் புதியது கைக்கு வருமுன் பழையதை விட்டுவிடலாகாது. கம்பெனி தானாக ரத்துச் செய்வதென்றால், மோசடி நிரூபணமாகி, குறைந்தது ஏழு நாள் அறிவிப்பும் கொடுத்திருக்க வேண்டும்.

இவ்விஷயங்களில் கம்பெனியோடு வழக்கு மூண்டால் முதலில் அதற்கே எழுத்து மூலம் புகார் அனுப்ப வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. ரூ. 50 லட்சம் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். கம்பெனி கைவிரித்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.